இடப்பக்கச் சக்கரம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. ஐலி நீமெலா கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, படகு ஏற்றும் டிரெய்லரின் சக்கரப் பக்கத்தை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தாள். மடிப்புகளில் எலி சேர்த்துவைத்திருந்த பைன் விதைகள் சிமெண்ட் தரையில் சிதறின.

“அது முழுக் குளிர்காலத்துச் சேமிப்பு. நாசம் பண்ணிட்ட” என்றான் ரெய்னோ.

அவள் கணவன். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் எஃகுத் தகடு வைத்த பிறகு அவனால் மண்டியிட முடியாது. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலைகளை ஏப்ரலிலேயே முடித்திருந்தான். பின்விளக்குகளுக்குப் புது வயர் இழுத்தாயிற்று. படகை இழுத்தேற்றும் கைச்சுருளைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து மாட்டியாயிற்று. வெடித்துப்போன ரப்பர் உருளைகள் நான்கையும் மாற்றியாயிற்று. படகு உட்காரும் பலகைகளைத் தமராக் மரத்தில் ஐலி அறுத்துக் கொடுக்க, அவன் இழைத்துக் கம்பளம் சுற்றி ஆணியடித்தான். மிச்சம் இருந்தவை சக்கரங்கள்தாம்.

“சக்கரத்த மட்டும் எதுக்குக் கடைசிக்கு வச்ச?” என்று கேட்டான்.

“அழுக்கு வேலை. கடைசியில செஞ்சா மத்த வேலைக்கெல்லாம் கை சுத்தமா இருக்கும்.”

“முப்பது வருஷத்துல உன் கை சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்ல.”

“கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

ரெய்னோவின் அப்பா அந்த டிரெய்லரை 1949-இல் இரும்புச் சுரங்கத்துப் பட்டறையில் செய்தார். யாரோ ஏரிப் பனியில் மூழ்கடித்த பழைய காரின் முன் அச்சு அடியில் இருந்தது. நடுத்தண்டு சுரங்கத்தில் துளை போடும் குழாய். கடையில் வாங்கிய பொருள் என்று அதில் இருந்தது நம்பர் பலகை ஒன்றுதான். முப்பத்து மூன்று வருடம் அது சால்மி ஏரிக்குப் போய் வந்தது. 1982 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியிலிருந்து திரும்பும்போது, சதுப்பை ஒட்டிய வளைவில் வலப்பக்கச் சக்கரம், அதன் நடுக்குடமான ஹப்போடு கழன்று போனது. டிரெய்லர் சாய்ந்து டிரக்கையும் பள்ளத்துக்கு இழுத்தது. ஓட்டிய ரெய்னோவுக்கு இடுப்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐலிக்கு நெற்றியில் நான்கு தையல். கழன்ற சக்கரத்தைச் சதுப்பு விழுங்கிவிட்டது. இரண்டு நாள் கொக்கி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

அந்த வருடம் சக்கரங்களுக்குப் பேரிங் வைத்தவன் வில்ஹோ. ஐலியின் தம்பி. ஊரில் படகு, டிரெய்லர், பனிவண்டி எல்லாம் அவன் பட்டறைக்குத்தான் போகும். ஒரு பக்கத்துக்குக் கிரீஸ் வைக்க மறந்துவிட்டான் என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ரெய்னோ சொன்னான். சொந்த மச்சானே சொன்ன பிறகு மற்றவர்கள் சொல்வதற்கு என்ன? செய்தேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்ட எந்த வேலைக்கும் ஊரில் ‘வில்ஹோ கிரீஸ்’ என்று பெயர் வந்தது. முதலில் டிரெய்லர்கள் வருவது நின்றது, பிறகு மற்றவை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் விஸ்கான்சினுக்குப் போகிறான். அங்கே ஒரு பால்பண்ணை எந்திரக் கடையில் வேலை.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மீன்பிடி திறப்பு, ஏரிகளில் அந்த வருடத்து மீன்பிடிப்பு தொடங்கும் நாள். கிறிஸ்துமஸுக்கு வராத பிள்ளைகள்கூட எங்கள் பக்கத்தில் அதற்கு வந்துவிடுவார்கள். போன வருடத் திறப்பின்போது ரெய்னோ ஊன்றுகோலில் இருந்தான். இந்த வருடம் அப்பாவின் டிரெய்லரில்தான் படகு இறங்க வேண்டும் என்று பனிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். புதிது வாங்கலாம் என்று ஐலி மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

வலப்பக்கத்து அச்சுமுனையைச் சுரங்கப் பட்டறையில் புதிதாகப் பற்றவைத்து வாங்கியிருந்தார்கள். இடப்பக்கம் விபத்தன்று எப்படி இருந்ததோ அப்படியே, திறக்காமல் இருந்தது. விபத்துக்கு மறுவாரமே வில்ஹோ வந்து, “அந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கலாம்” என்று கேட்டான். ‘எங்க சாமான்ல இனி நீ கை வைக்க வேணாம்’ என்று ரெய்னோ சொல்லச் சொன்னதாக, வாசலிலேயே நின்று ஐலிதான் சொல்லி அனுப்பினாள்.

ஒன்பதரைக்குக் காபி நேரம். ரெய்னோ கோலை ஊன்றி எழுந்தான்.

“நான் போட்டு எடுத்துட்டு வரேன். நீ இடப்பக்கத்த ஆரம்பி.”

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நாற்பது அடி. காபி போட்டுக்கொண்டு திரும்பிவர அவனுக்கு இருபது நிமிடமாவது ஆகும். அவன் சமையலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும் வரை ஐலி ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு ஜாக்கியை ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் மூடியை உளியால் தட்டினாள். மூன்றாவது தட்டில் மூடி உருண்டு விழுந்தது.

நல்ல கிரீஸ் கரும்பழுப்பாக இருக்கும். உள்ளே இருந்தது பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. பேரிங்கை இழுத்து விரலால் துடைத்தாள். உருளைகளில் துரு வரிவரியாகப் பிடித்திருந்தது.

படகுத்துறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். மே மாதத்து ஏரி, பனி உருகிப் பத்து நாள்கூட ஆகாத தண்ணீர். சூட்டோடு இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, பின்பக்கத்தை அடைக்கும் தோல் வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் கலந்த கிரீஸ் வெளுத்துப்போகும். அதனால் மேலே நிறுத்தி, காபி குடித்து, பிறகு ஹப்பில் உள்ளங்கையை வைத்துச் சாப்பாட்டு ஜெபத்தை இரண்டு தடவை சொல்வார்கள். அதுவரை கையை எடுக்காமல் இருக்க முடிந்தால் இறக்கலாம். கோவிலுக்குப் போகாதவர்களும் அதைச் சொல்வார்கள்.

ஐலி பழைய செய்தித்தாளால் ஹப்பின் உள்ளே மூன்று முறை வழித்தெடுத்தாள். தாள்களைச் சுருட்டி, நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்பில் போட்டாள். பேரிங்கை மட்டும் இன்னொரு தாளில் சுற்றித் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். ரெய்னோ காபிப் பாத்திரத்தோடு வந்தபோது அவள் ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

“பழசா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் புதுசு போட்டுடலாம்.”

“பாத்தியா, ஒரு பக்கம் ஒழுங்கா வச்சிருக்கான். இன்னொரு பக்கம் வைக்கறதுக்குள்ள எவனாவது பியர் குடிக்கக் கூப்பிட்டிருப்பான்.”

“ரை ரொட்டி எடுத்துட்டு வரலியா?”

“ரெண்டு கைதான் இருக்கு. ஒண்ணுல கோல்.”

அன்று மாலை சவுனா. எங்கள் வீடுகளில் புதனும் சனியும் அடுப்பு எரியும். ஐலி தீக்குச்சி கிழித்ததும் கிரீஸ் தாள்கள் குப்பென்று பற்றிக் கருப்பாகப் புகைந்தன. ரெய்னோ கீழ்ப் படியிலேயே உட்கார்ந்தான். மேல்படிக்கு ஏற முடிவதில்லை. சுவரில் துண்டு மாட்ட மூன்று ஆணி. விபத்துக்கு முன் பதினோரு வருடம் புதன்கிழமைகளில் மூன்றாவது ஆணி வில்ஹோவுடையது.

“பேரிங் கெடைச்சாச்சு, ஹிப்பிங் டவுன் கடையில” என்றாள் ஐலி. “தோல் வளையம் கெடைக்கல. அந்த அளவு இப்ப வர்றதே இல்லையாம். உங்க ஊர்லயே ஒருத்தன்கிட்ட இருக்கும்னு சொன்னான் கடைக்காரன்.”

“யாருன்னு சொன்னானா?”

“சொல்லணுமா?”

“நான் போக மாட்டேன்.”

“உன்ன யாரு போகச் சொன்னா.”

“நீயும் கெஞ்சாத. கேளு, குடுத்தா வாங்கு. ஊரை விட்டுப் போறவனுக்கு அத வச்சுக்கிட்டு என்ன ஆகப்போவுது?” ரெய்னோ நெற்றி வியர்வையை வழித்தான். “எனக்கு இடுப்பு போனதுகூட இல்ல ஐலி. ஒரு வார்த்த, ‘மறந்துட்டேன்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். மனுஷன்தானே, மறக்கறதுதான். அந்த வருஷம் எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட். நீதான் தனியா போயி ஒவ்வொரு தடவையும் எறக்கினே, நான் ஞாயித்துக்கிழமதான் யார்கூடயாவது தொத்திக்கிட்டு வந்து சேருவேன். ஒவ்வொரு தடவையும் கை வச்சுப் பாத்தே. உன் பக்கம் தப்பில்ல, என் பக்கம் தப்பில்ல. அப்புறம் யாரு?”

ஐலி அடுப்பின் சூடேறிய கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். அது சீறி அடங்குவதற்குள் இன்னொரு கரண்டி.

“போதும் போதும். என்னைய அவிச்சு எடுக்கப் போறியா?” என்றான் ரெய்னோ.

வியாழக்கிழமை தூறலும் பனியும் சேர்ந்து பெய்தது. வில்ஹோவின் பட்டறையில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அவன் மான் இறைச்சித் தொத்திறைச்சியைக் கத்தியால் நறுக்கித் தின்றுகொண்டிருந்தான். மனைவி இல்லாத வீட்டு மதியச் சாப்பாடு.

“வாக்கா. நேத்தே வருவேன்னு நெனச்சேன்.”

“எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமா?”

“அந்த அச்சுக்கு வளையம் இந்த மாவட்டத்துல வேற எவன்கிட்ட இருக்கு?” கத்தி முனையால் ஜன்னலைக் காட்டினான். அங்கே ஒரு காபி டப்பாவில் எண்ணெய்க்குள் இரண்டு தோல் வளையங்கள் கிடந்தன. “மார்ச்லயே ஊறப் போட்டுட்டேன். உங்க அச்சு சுரங்கப் பட்டறைக்கு வந்திருக்குன்னு பயலுக சொன்னானுக. இல்லன்னா காய்ஞ்சு அப்பளம் மாதிரி இருக்கும், மாட்டினதும் உடையும்.”

“வாய வச்சுட்டுச் சும்மா இருக்க முடியல அவங்களால.”

“என்னப் பத்திப் பேச இன்னும் மூணு நாள்தானே இருக்கு. பேசட்டும்.” ஒரு துண்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. “அவரு எப்படி இருக்காரு?”

“வாளி மேல ஒக்காந்து உத்தரவு போட்டுட்டு இருக்காரு.”

“அது இடுப்பு ஒடையறதுக்கு முன்னாடியும் அப்படித்தான்.”

இருவரும் சிரித்தார்கள். கூரைத் தகரத்தில் பனித்தூறல் சடசடத்தது. வில்ஹோ கத்தியை மடக்கினான்.

“இடப்பக்கம் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“கிரீஸ் என்ன நெறத்துல இருந்துச்சு?”

“கிரீஸ் நெறத்துலதான்.”

அவன் தலையை ஆட்டினான்.

“பழைய பேரிங்?”

“எறிஞ்சுட்டேன்.” அவள் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

“இல்ல, சும்மா கேட்டேன். நாலு பேரிங்க்கா, பக்கத்துக்கு ரெண்டு. உள்ளங்கையில கிரீஸ வச்சு, அதுல பேரிங்க அழுத்தி அழுத்தி, அந்தப் பக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் வைக்கணும். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு, நாலும் வச்சது. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, படுத்துக்கிட்டு மறுபடி மறுபடி எண்ணிப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. இப்பல்லாம் சில நாள் மூணுதான் வருது. நாலாவது எங்க போச்சுன்னே தெரியல. வலப்பக்கமா நின்னேன், ரேடியோ பாடுச்சு, அப்புறம் எதுவும் வரல.” அவன் டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தான். “மறந்திருப்பேன் போல. அவரு கிட்ட சொல்லு. மறந்துட்டேன்னு நானே சொன்னேன்னு சொல்லு. போறப்ப எதுக்கு மனசுல வச்சுக்கிட்டு.”

“நீயே சொல்லேன்.”

“திறப்புக்குச் சால்மிக்குத்தான் வருவேன், கடைசித் தடவையா. ஆனா அங்க எல்லாரும் நிப்பாங்க.”

ஐலி டப்பாவைக் கவிழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டிரக் வரை நடந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் பால் விட்ட மீன் சூப்பும் உருளைக்கிழங்கும். தம்பி என்ன சொன்னான் என்று ரெய்னோ கேட்டான். வளையம் கொடுத்தான் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. கொட்டகையின் வடக்குப் பக்கத்தில் கிடந்த கடைசிப் பனிக்குவியல் மதியத்துக்குள் ஒரு தொப்பி அளவுக்குச் சுருங்கியது. ஐலி வளையங்களை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினாள். நான்கு புதுப் பேரிங்குகளையும் உள்ளங்கையில் அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும் வரை நிறைத்தாள். ஒவ்வொன்றையும் முடித்ததும் வாய்விட்டு எண்ணினாள். நாலு என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

“இருக்கறதே நாலு. அதுல என்ன கணக்கு தப்பும்?” என்றான் வாளியின் மேல் இருந்தவன்.

சாயங்காலம் அச்சுக்கும் நடுத்தண்டுக்கும் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார்கள். ரெய்னோ கையெட்டும் இடம் வரை அவன், மிச்சம் அவள். விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவன் டிரக்கில் பிரேக்கை மிதித்தான். முதல் தடவையே இரண்டும் எரிந்தன. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் நடக்காத காரியம். ரெய்னோ இறங்கிப் பின்னால் வந்து தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஐந்தரைக்குச் சால்மி ஏரித் துறையில் பதினேழு டிரக்குகள் நின்றன. தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி. ஆண்கள் பிளாஸ்க் மூடிகளில் காபி வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பழைய டிரெய்லர் மேட்டில் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள்.

“இதப் பாருடா, நீமெலா கெழவரோட வண்டி! செத்துப்போச்சுன்னாங்க?”

“என்னையும்தான் சொன்னாங்க” என்றான் ரெய்னோ, கோலை ஊன்றி இறங்கியபடி. “பின்னாடி வந்து பாரு. ரெண்டு விளக்கும் எரியுது.”

“பொய் சொல்றான். காலங்காத்தால பொய் சொல்றான்.”

மூன்று டிரக் தள்ளி வில்ஹோ தன் சின்னத் தகரப் படகோடு நின்றிருந்தான். யாரும் அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, யாரும் அவன் பக்கத்தில் போய் நிற்கவும் இல்லை. ஐலி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் அசைத்தான்.

காபி குடித்து முடித்தார்கள். ஆறு அடிக்க ஐந்து நிமிடம். ரெய்னோ வலப்பக்கம் போய்ச் சக்கரத்தின் மேல் சாய்ந்து ஹப்பில் கை வைத்தான். ஐலி இடப்பக்கம் மண்டியிட்டாள்.

“ஆமென்னு நான் சொல்றப்ப நீயும் சொல்லணும்” என்றான் ரெய்னோ டிரெய்லருக்கு மேலாக. பிறகு படகிறக்கக் காத்திருந்த வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். நல்ல மனநிலையில் இருந்தான். “பயப்படாம பின்னாடி நில்லுங்கப்பா! இந்தத் தடவ பேரிங் வச்சது என் பொண்டாட்டி. வில்ஹோ கிரீஸ் இல்ல!”

சிரிப்பு வரிசை முழுக்கப் போனது. வில்ஹோ சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு பிளாஸ்க் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே மூடியிருந்தது. அப்புறம் அவன் கூப்பிட்டான்:

“ரெய்னோ! ஆமா, மறந்துட்டேன். நான்தான் மறந்துட்டேன்.”

சிரிப்பு நின்றது. ரெய்னோ ஹப்பில் வைத்த கையை எடுக்காமல் அவனைப் பார்த்தான். முகம் இளகியது. “அதத்தான்டா மச்சான் நான் ரெண்டு வருஷமா...” என்று தொடங்கினான்.

“இல்ல” என்றாள் ஐலி.

அவள் எழுந்திருந்தாள். கோட்டுப் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, டிரெய்லரைச் சுற்றி வந்து, ரெய்னோவின் கையில் வைத்தாள். அவன் பிரித்தான். துருப்பிடித்த பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உருளைகளுக்கு நடுவே கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது, பால் விட்ட காபி நிறத்தில். அருகில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இது எது?”

“இடப்பக்கத்தது. புதன்கிழமை எடுத்தது.”

“இதுல தண்ணி போயிருக்கே.”

“ரெண்டு பக்கமும் போயிருக்கும்.”

“எப்படிப் போகும்? நீ கை வச்சுப் பாத்தேல்ல. ஆஸ்பத்திரியில கேட்டேன், பாத்தேன்னு சொன்னியே.”

ஐலி வரிசையின் பக்கம் திரும்பினாள். பேசும்போது அவள் குரல் எப்போதும் தணிந்துதான் இருக்கும். கடைசி டிரக்குக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“வில்ஹோ, நாலுதான்டா. நாலும் நீ வச்சே. அந்த வருஷம்தான் நான் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டேன். மேல நிறுத்திக் காத்திருந்தா இவங்கெல்லாம் வேடிக்கை பாக்க வந்து நிப்பாங்கன்னு, ரோட்டுலருந்து நேரா தண்ணிக்குள்ள விட்டேன். ஒரே திருப்புல எறங்குச்சு. ஒருத்தர் தொப்பியக் கழட்டினாரு. ஹப்ப நான் தொடவே இல்ல. முதல் தடவ ஒண்ணும் ஆகலைன்னு அடுத்த வாரமும் விட்டேன். அந்தக் கோடை முழுக்க. பதினோரு தடவ.”